பால் அடிப்பிடித்தது தெரியவில்லை

டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு 49 வயது. புதுச்சேரி மரப்பாலம் சிக்னலுக்குப் பக்கத்தில் 18 வருடமாக டீக்கடை நடத்துகிறேன். வீடும் கடைக்கு மேலேயே, ரோட்டைப் பார்த்த மாடி. போன மாதம் ஒரு நாள் பால் அடிப்பிடித்துத் தீய்ந்துபோனது. அடுப்பு முன்னாலேயே நின்றிருந்தும் எனக்குத் தெரியவில்லை. டீ குடிக்க வந்தவர்தான் "என்ன மாஸ்டர், பால் தீஞ்சு நாறுது" என்றார். அன்றிலிருந்து கவனித்துப் பார்க்கிறேன், ஊதுவத்தி, கருவாடு எதுவுமே சரியாகத் தெரிவதில்லை. தைலம் தடவினால் மட்டும் சுள்ளென்று ஏறுகிறது. அடிக்கடி மூக்கடைப்பு வரும், மெடிக்கலில் வாங்கிய சொட்டு மருந்து போட்டுக்கொள்வேன். செல்போனில் வந்த ஒரு வீடியோவில், வண்டிப் புகை மூக்கு வழியாக மூளைக்கே போய் ஞாபக மறதி வரும் என்றார்கள். என் அப்பாவுக்கு 75 வயதில் மறதி நோய் வந்தது. மகள் பிளஸ் டூ படிக்கிறாள், சாயங்காலம் கடையில் உட்கார்ந்துதான் படிப்பாள். பயமாக இருக்கிறது. கடையை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கட்டுமா?
— பெயர் வேண்டாம், புதுச்சேரி

வணக்கம். மூளை, மறதி எல்லாம் இருக்கட்டும். முதலில் உங்கள் கடை சிலிண்டரைப் பற்றிப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் அது இன்றைக்கே செய்ய வேண்டியது.

சமையல் கேஸுக்கு என்று சொந்தமாகப் பெரிய வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலந்து விடுகிறார்கள். தீய்ந்த பால் தெரியாத மூக்குக்கு அந்த நாற்றமும் தெரியாமல் போகலாம். நாளைக் காலையிலிருந்து அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் வேறு யாராவது, கடைப் பையனோ உங்கள் வீட்டம்மாவோ, அங்கே நின்று மோந்து பார்க்கட்டும். ரெகுலேட்டரிலும் ரப்பர் குழாய் இணையும் இடங்களிலும் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. கேஸ் கசிந்தால் சத்தம் போடும் அலாரம் கடைகளில் கிடைக்கிறது. அதை மேலே மாட்டாமல் தரைக்குச் சற்று மேலே மாட்டச் சொல்லுங்கள். இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். முந்தின நாள் பால், வீட்டில் மீந்த குழம்பு இதையெல்லாம் நீங்கள் மோந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அந்த அதிகாரத்தைக் கொஞ்ச நாளைக்கு வீட்டம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

சரி, மூக்குக்கு வருவோம்.

தைலம் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் நரம்பு நன்றாக இருக்கிறது என்று ஒரு பக்கம் ஆறுதல் பட்டிருப்பீர்கள். தமிழில் வாசம் என்று ஒரு சொல், நெடி என்று ஒரு சொல், தனித்தனியாக வைத்திருக்கிறோம். மிளகாய் வறுத்தால் வருவது நெடி, மல்லிகைக்கு இருப்பது வாசம். உடம்பிலும் இரண்டுக்கும் நரம்பு வேறு வேறு. நெடியை உணர்வது முகத்தின் தொடு உணர்ச்சி, வலி, எரிச்சலைக் கொண்டுபோகும் நரம்பு. தைலத்தின் ஜில்லென்ற உணர்வு, வெங்காயம் உரிக்கும்போது வரும் காரல் எல்லாம் அந்தக் கணக்கு. வாசத்தை உணர்வது முகர்வு நரம்பு. ஆகவே தைலம் தெரிவதை வைத்து முகர்வு நரம்பைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. உங்கள் கடையிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். இஞ்சி டீயில் இஞ்சியின் காரம் உங்களுக்குத் தெரியும், ஏலக்காய் டீயில் ஏலக்காய் தெரிகிறதா என்று பாருங்கள். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு, தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் வாசம்தான்.

அந்த வாசத்தைப் பிடிக்கும் இடம் மூக்கின் உச்சியில், இரண்டு கண்களுக்கும் நடுவே, தபால்தலை அளவுக்குத்தான் இருக்கும். அங்கே உள்ள நரம்பணுக்களின் நுனி நேராகக் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கிறது. அவற்றின் இழைகள் சல்லடை போலத் துளை துளையாக இருக்கும் ஒரு மெல்லிய எலும்பின் வழியாக ஏறி, மூளையின் அடியில் இருக்கும் முகர்வுக் குமிழுக்குப் போய்விடும். கண்ணுக்கும் காதுக்கும் முன்னால் விழிப்படலம், செவிப்பறை என்று ஏதாவது ஒரு தடுப்பு இருக்கிறது. மூக்கில் மட்டும்தான் மூளை திண்ணை போட்டுத் தெருவில் உட்கார்ந்திருக்கிறது. அந்தத் திண்ணையில் தூசி படியத்தானே செய்யும்? அதனால்தான் இங்கே இருக்கும் அணுக்கள் ஓரிரு மாதங்களுக்கு ஒருமுறை அழிந்து புதிதாக முளைக்கின்றன. உடம்பில் நரம்பணு இப்படிப் புதுப்பித்துக்கொள்வது அபூர்வம். உங்களுக்கு நம்பிக்கை கொடுக்கக்கூடிய விஷயமும் அதுதான்.

வீடியோவில் சொன்னது பொய்யா? பொய் இல்லை. ஆனால் பாதியைப் பிய்த்துக்கொண்டுவந்து முழுசாக விற்றிருக்கிறார்கள்.

புகையில் நாம் கவலைப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியும் கறுப்பு மட்டுமல்ல. பிஎம் 2.5 என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள், தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கும் அதற்குக் குறைவாகவும் இருக்கும் துகள்கள். அதைவிட இன்னும் பொடிசாக 0.1 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே போகும் துகள்களும் எஞ்சின் புகையில் உண்டு. இவை முகர்வு நரம்பின் வழியாகவே மூளைக்குள் ஏற முடியும் என்பது எலிகளில் காட்டப்பட்டது. மனிதர்களில் 2016-ல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்பரா மேகர் குழுவினர், மெக்சிகோ நகரிலும் மான்செஸ்டரிலும் வாழ்ந்து இறந்த 37 பேரின் மூளைத் திசுவைப் பார்த்தார்கள். மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு, நுண்ணிய உருண்டைகளாக அதில் கிடைத்தது. உடம்பு தானாக உண்டாக்கும் மேக்னடைட் கூரான முகங்களோடு படிகமாக இருக்கும். உருண்டை என்றால் அது எங்கோ கடும் சூட்டில் உருகி உறைந்தது, எஞ்சினிலோ பிரேக் உராய்விலோ. சிக்னலில் ஒவ்வொரு பச்சை, சிவப்புக்கும் எத்தனை பிரேக் பிடிக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாததா?

ஆனால் மூளையில் துகள் இருந்தது என்பது ஒன்று, அதனால்தான் மறதி வந்தது என்பது வேறொன்று. முதலாவதைத்தான் அவர்கள் காட்டினார்கள்.

வாசத்தைப் பொறுத்தவரை ஆதாரம் இன்னும் கெட்டி. மெக்சிகோ நகரத்து மக்களையும், அதன் பக்கத்தில் காற்று சுத்தமாக இருக்கும் திலாஸ்கலா ஊர் மக்களையும் ஒப்பிட்டு 2006-ல் ஓர் ஆய்வு வந்தது. மோந்து பார்க்கக் கொடுத்ததில் ஒன்று காபி. நகரத்துக்காரர்களுக்குக் காபி வாசம் பிடிபட அது இன்னும் திக்காக இருக்க வேண்டியிருந்தது. 2021-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில், முருகப்பன் ராமநாதன் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவரும் குழுவினரும் 2,690 நோயாளிகளின் விவரங்களை எடுத்து, அவர்கள் குடியிருந்த பகுதியின் காற்றோடு வைத்துப் பார்த்தார்கள். நுண்துகள் அதிகமான இடங்களில் நெடுநாள் வாழ்ந்தவர்களிடம் வாசனை இழப்புக்கான வாய்ப்பு ஏறக்குறைய 1.6 மடங்கு அதிகமாக இருந்தது.

மறதி நோய்க்கும் ரோட்டுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அதிகம் பேசப்படுவது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2017-ல் வெளியான ஆய்வு, சுமார் 66 லட்சம் பேரை வைத்துச் செய்தது. பெரிய ரோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் குடியிருந்தவர்களுக்கு மறதி நோய் வாய்ப்பு 7 சதவீதம் கூடுதல். 50 முதல் 100 மீட்டருக்குள் 4 சதவீதம், 200 மீட்டர் வரை 2 சதவீதம். 200-ஐத் தாண்டினால் வித்தியாசமே இல்லை. இந்த 7 சதவீதத்தை நூற்றில் ஏழு பேருக்கு வந்துவிடும் என்று படித்துவிடாதீர்கள். தூரத்தில் இருக்கும் ஒரு கூட்டத்தில் 100 பேருக்கு வருமென்றால், ரோட்டோரத்தில் அதே அளவு கூட்டத்தில் 107 பேருக்கு வந்திருக்கிறது. அவ்வளவுதான். 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் குழு, மறதி நோய்க்கான தவிர்க்கக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. மொத்த மறதி நோயில் காற்று மாசின் பங்கு 3 சதவீதம். காது கேளாமைக்கு 7, கெட்ட கொழுப்புக்கு 7. உங்கள் மறதிப் பயத்துக்கு மருந்து வேண்டுமென்றால் பிபி, சுகர், கொழுப்பு மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். காது மந்தமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். ரோட்டோரத்தில் 18 வருடம் ஹாரன் சத்தம் கேட்ட காது, அதையும் நான் சும்மா விடமாட்டேன். அப்பாவுக்கு 75 வயதில் வந்ததை வைத்து உங்களுக்கும் வரும் என்று நாள் குறிக்க முடியாது. வாசனை குறைவது மறதி நோய்க்கும் பார்க்கின்சன் நோய்க்கும் முன்னறிகுறியாக இருக்கலாம் என்பது உண்மை. ஆனால் வாசனை தெரியவில்லை என்று என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கோளாறு மூக்கில்தான் இருக்கிறது.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன வரிக்கு வருகிறேன். "மெடிக்கலில் வாங்கிய சொட்டு மருந்து."

எத்தனை நாளாக? குப்பியின் மேல் சைலோமெட்டாசோலின் அல்லது ஆக்சிமெட்டாசோலின் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால், அதை ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்து போடக் கூடாது. போட்டதும் பத்து நிமிடத்தில் மூக்கு திறந்து சொர்க்கம் மாதிரி இருக்கும். வேகம் இறங்கியதும் உள்சவ்வு முன்னைவிட வீங்கி மறுபடி அடைக்கும், மறுபடி சொட்டு. இப்படி வருடக்கணக்கில் சட்டைப்பையிலேயே குப்பி வைத்திருப்பவர்களைக் கடலூரிலும் பார்க்கிறேன், புதுச்சேரியிலிருந்து வருகிறவர்களிடமும் பார்க்கிறேன். மருந்தே நோயாகிவிட்டது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். மூக்கு உள்ளே வீங்கிக் கிடந்தால் காற்று அந்தத் தபால்தலை இடம்வரை ஏறாது. நரம்பு நன்றாக இருந்தும் வாசம் தெரியாது. இதை ஒரே நாளில் நிறுத்தினால் தூக்கம் போய்விடும். முதலில் ஒரு பக்க மூக்குக்கு நிறுத்தி, கூடவே டாக்டர் எழுதித் தரும் ஸ்டீராய்டு ஸ்பிரேயை அடித்து, பிறகு மறுபக்கத்தையும் நிறுத்துவது வழி. மூக்குப்பொடி பழக்கம் இருந்தால் அதற்கும் முழுக்குப் போடுங்கள், எழுதவில்லை என்றாலும் கேட்டு வைக்கிறேன்.

ஆகவே, உங்கள் வாசனைக் குறைவுக்குக் காரணம் புகையா, சொட்டு மருந்தா, சைனஸா, சதை வளர்ச்சியா, எப்போதோ வந்துபோன கொரோனாவா என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன். நேரில் பார்க்க வேண்டும். ஜிப்மரிலோ அரசுப் பொது மருத்துவமனையிலோ காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். மெல்லிய குழாய்க் கேமரா விட்டு மூக்கின் உச்சிவரை பார்ப்பார்கள், ஐந்து நிமிட வேலை. தேவைப்பட்டால் சைனஸுக்கு சி.டி. எடுத்த எடுப்பில் மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லி நீங்களாகப் போய் நிற்க வேண்டாம். ஒரே பக்க மூக்கில் ரத்தம் வருவது, தலையில் அடிபட்ட பிறகு வாசம் போனது, கை நடுக்கம், தூக்கத்தில் கனவு கண்டபடியே கை காலை வீசி அடிப்பது, இதில் ஏதாவது இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

போவதற்கு முன் வீட்டில் ஒரு சின்னச் சோதனை. கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள். மகள் காபித்தூள், பெருங்காயம், தேங்காயெண்ணெய் இவற்றை ஒவ்வொன்றாக நீட்டட்டும். ஒரு மூக்குத் துளையைப் பொத்திக்கொண்டு மற்றதில் மோந்து சொல்லுங்கள், பிறகு மாற்றி. எந்தப் பக்கம் எது தெரிந்தது என்று மகள் எழுதி வைக்கட்டும், அந்தத் தாள் டாக்டருக்கு உதவும்.

கடையை மூடலாமா என்று கேட்டீர்கள். என் அபிப்பிராயம், வேண்டாம். நீங்கள் முதலில் மாற்ற வேண்டியது படுக்கிற அறையைத்தான். காலையிலும் மாலையிலும் கடையில் சுவாசித்துவிட்டு, இரவு எட்டு மணி நேரமும் அதே ரோட்டின் மேலேயே படுத்துக்கொள்கிறீர்கள். என் கிளினிக் திருப்பாதிரிப்புலியூரில் பஸ் போகிற ரோட்டின் மேல்தான். வாரம் ஒருமுறை ஜன்னல் விளிம்பை நானே துடைப்பேன், ஆயாவிடம் விட மனசு வராது. ரோட்டுப் பக்கத்து ஜன்னலில் துணி கறுப்பாகும். மண் தூசி மாதிரி பழுப்பாக இருக்காது, விரலில் பிசுபிசுக்கும், தண்ணீரில் போகாமல் சோப்புக் கேட்கும். அதே மாடியில் பின்பக்க ஜன்னலில் துணி பழுப்போடு நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவே நாற்பது அடிகூட இருக்காது. நீங்களும் மாடிக் கைப்பிடியில் ஈரத்துணியை வைத்து ஒருமுறை இழுத்துப் பாருங்கள். எல்லோரும் பின் அறைக்குப் படுக்கை மாற்றுங்கள். ரோட்டுப் பக்கத்து ஜன்னலைக் காலை எட்டிலிருந்து பத்து, சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை சாத்தி வையுங்கள்.

கடை ரோட்டுக்கு மேற்கேயா கிழக்கேயா என்று நீங்கள் எழுதவில்லை. மேற்கே என்றால், மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று கிளம்பி ரோட்டுப் புகையை உங்கள் பக்கம்தான் தள்ளும். கிழக்கே என்றால் அந்த நேரம் உங்களுக்குச் சாதகம், விடியற்காலையில் தரைக்காற்று வீசும்போதுதான் தொல்லை. புதுச்சேரி காற்று தில்லி காற்று இல்லை, கடல் அலசிக்கொண்டே இருக்கிறது. என்றாலும் ஊர் சராசரி வேறு, சிக்னல் முனை வேறு.

மகள் மாடியின் பின் அறையிலேயே படிக்கட்டும். ரோட்டோரத்தில் புத்தகத்தோடு உட்காரப் பரபரப்பான நேரம் ஏற்றதில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 25 ஆரோக்கியமான ஆட்களை இரண்டு மணி நேரம் நீர்த்த டீசல் புகையில் உட்காரவைத்து மூளையைப் படம் எடுத்தார்கள். மூளைப் பகுதிகள் ஒன்றோடொன்று ஒத்திசைந்து வேலை செய்வது அப்போதைக்குக் குறைந்தது. அது தற்காலிகம்தான், பிறகு பழைய நிலைக்கு வந்தது. 2023-ல் வெளியானது. பரீட்சை வருடத்தில் இருக்கும் பிள்ளைக்கு இது போதுமான காரணம்.

கடையில் செய்யக்கூடியது சில உண்டு. டீக்கு நிற்கிறவர்கள் எஞ்சினை ஓட விட்டபடியே கிளாஸை வாங்குவார்கள், நான் பார்த்திருக்கிறேன். "வண்டியை அணைத்துவிட்டு டீ குடிக்கவும்" என்று ஒரு போர்டு மாட்டுங்கள். விடியற்காலையில் கடை வாசலை வறட்டுத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். நம் வீட்டுப் பெண்கள் வாசல் தெளித்துவிட்டுப் பெருக்குவது போலத் தண்ணீர் தெளித்துப் பெருக்குங்கள். ரோட்டுத் தூசியில்தான் டயர், பிரேக் பொடியெல்லாம் கிடக்கிறது. 2020 ஏப்ரலிலிருந்து பிஎஸ் 6 என்ற புதிய தர எரிபொருள் வந்து, அதில் கந்தகம் 10 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு இறங்கியிருக்கிறது, அது நல்லதுதான். ஆனால் பிரேக்கும் டயரும் தேய்வதை எந்த எரிபொருளும் நிறுத்தாது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வது நுண்துகளைத் தடுக்காது, என்95 தடுக்கும். கொதிக்கிற பாய்லர் முன்னால் நாள் முழுக்க அதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் இல்லை, பைக்கில் போகும்போது போடுங்கள்.

அப்புறம், படுக்கை அறையில் கொசுவர்த்திச் சுருள். ஒரு சுருள் எரிந்து முடியும்போது விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் அளந்து சொன்னார்கள். ரோட்டுப் புகைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே சுருளைக் கொளுத்தினால் என்ன பிரயோஜனம்? வலை கட்டுங்கள்.

ராத்திரி கடை அடைத்ததும் மூக்கைக் கழுவுங்கள். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் ஒரு டம்ளர், அதாவது 250 மில்லி, அதில் அரை டீஸ்பூன் உப்பு. குழாய்த் தண்ணீரை அப்படியே ஒருபோதும் மூக்கில் விடாதீர்கள். மூளையைத் தாக்கும் அமீபா அந்த வழியாகத்தான் ஏறும்.

மூக்குப் பரிசோதனை முடிந்த பிறகு டாக்டரைக் கேட்டுக்கொண்டு வாசனைப் பயிற்சியைத் தொடங்கலாம். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து தாமஸ் ஹும்மல் 2009-ல் சொன்னது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம் நான்கையும் தனித்தனிக் குப்பியில் வைத்து, காலையும் இரவும் ஒவ்வொன்றையும் பத்துப் பதினைந்து விநாடி மோந்து பார்க்க வேண்டும். சும்மா மோந்தால் போதாது, அந்த வாசம் முன்பு எப்படி இருந்தது என்று நினைத்துக்கொண்டே மோக்க வேண்டும். குறைந்தது 12 வாரம். வைரஸ் காய்ச்சலால் வாசம் போனவர்களுக்குத்தான் இதில் பலன் நன்றாகத் தெரிந்திருக்கிறது. புகையால் என்றால் அதே அளவு வாக்குக் கொடுக்க மாட்டேன், ஆனால் செலவும் இல்லை, கெடுதலும் இல்லை. இரண்டு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லையே என்று குப்பியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த அணுக்கள் புதிதாக முளைக்கவே ஒன்றிரண்டு மாதம் ஆகும் என்று சொன்னேனே.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தச் சொட்டு மருந்துக் குப்பியையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.